காய் எடுக்கச் சொன்னவரும், எதற்கென்று சொன்னவரும்

தேனி மாவட்டத்துக் கம்பத்தில் விடிவதற்கு வெகு நேரம் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். தூக்குவாளியும் பிளாஸ்டிக் சாக்குமாகப் பெண்கள் தெருமுனையில் காத்து நிற்பார்கள். கம்பம்மெட்டு வழியாக மலையேறி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களில் வேலை பார்த்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் ஊர் திரும்புவார்கள். என் அம்மா இருபது வருடத்துக்கு மேல் அந்த ஜீப்பில் போய்வந்தவர். எத்தனையோ கங்காணிகளிடம் வேலை பார்த்திருக்கிறார். ஆனால் வீட்டில் பேச்சு வந்தால் இரண்டே பேரைப் பற்றித்தான் சொல்வார்.

முதலாமவர் நல்ல மனிதர்தான். கூலியில் கைவைக்க மாட்டார், வாய் தவறிக்கூட ஒரு கெட்ட வார்த்தை வராது. ஆனால் கிலோ ஒன்றுதான் அவருக்குக் கணக்கு. காலையில் "இன்னைக்கு ஆளுக்கு இத்தனை கிலோ" என்பார், சாயங்காலம் எடை போட்டு நோட்டில் எழுதுவார். பெண்களும் கிலோவை நிரப்பினார்கள். பிஞ்சோ காயோ, கைக்கு வந்ததைப் பறித்துச் சாக்கில் போட்டால் எடை வந்துவிடுமே.

இரண்டாமவர் வந்த புதிதில், மழை வலுத்து வேலை நின்றுபோன ஒரு மதியம், எல்லோரையும் ஸ்டோருக்குக் கூட்டிப் போனார். பறித்த காயை உலர்த்தும் கட்டடத்தைத் தோட்டங்களில் ஸ்டோர் என்பார்கள். ஆறு வருடமாக அதே தோட்டத்தில் காய் எடுத்த அம்மா, ஸ்டோருக்குள் கால் வைத்தது அன்றுதான். உள்ளே அனல். 45, 50 டிகிரி சூட்டில் ஏறக்குறைய ஒரு முழு நாள் கிடந்து காய வேண்டும். ஐந்து கிலோ பச்சைக் காய் போட்டால் ஒரு கிலோ அளவுக்குத்தான் உலர்ந்து வரும். கங்காணி இரண்டு கைப்பிடி உலர்ந்த காயை எடுத்து அவர்கள் முன்னால் விரித்தார். ஒரு பிடி நிறம் மாறாமல் பச்சையாக, திரண்டு இருந்தது. இன்னொரு பிடி சுருங்கிச் சூம்பிப் போயிருந்தது. "யக்கா, இது கரிக்காயா எடுத்தது. இது பிஞ்சுல எடுத்தது. ரெண்டும் நம்ம தோட்டத்துக் காய்தான்" என்றார். உள்ளே விதை கறுத்து, மேலே தோல் இன்னும் பச்சையாகவே இருக்கும் பருவம்தான் கரிக்காய். அதற்கு முன்னால் பறித்தால் சுருங்கிவிடும். பழுக்க விட்டுப் பறித்தால் காயும்போது வெடித்து, நிறமும் போய்விடும்.

அப்புறம் அந்தக் காய் எங்கே போகிறது என்று சொன்னார். போடியிலும் புத்தடியிலும் ஏலம் போகிறது, கப்பலேறுகிறது, அரபு நாட்டு வீடுகளில் விருந்தாளிக்கு ஊற்றிக் கொடுக்கும் காப்பியில் விழுகிறது. "வீட்டுக்கு வந்தவங்களுக்கு மரியாதை பண்ண வாங்குற பொருள் யக்கா இது" என்றாராம்.

அந்த மதியத்தைப் பற்றி அம்மா சொல்வது இவ்வளவுதான்: "அதுவரைக்கும் நான் கிலோ எடுத்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம்தான் காய் எடுத்தேன்."

நோக்கத்தால் நடத்தும் தலைமை என்று நிர்வாகப் படிப்புகளில் இப்போது அதிகம் பேசுகிறார்கள். அந்தப் பேச்சின் சாரம் அம்மாவின் இந்த வரியிலேயே இருக்கிறது. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

இலக்கு வேறு, நோக்கம் வேறு

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இலக்கு என்பது எவ்வளவு, எப்போதைக்குள் என்று சொல்லும். நோக்கம் என்பது யாருக்காக, எதற்காக என்று சொல்லும். "இந்த மாதம் 400 சீருடை தைக்க வேண்டும்" என்பது இலக்கு. மாதம் முடிந்தால் அதுவும் முடிந்துபோகும். "பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வருடம் முழுக்கக் கிழியாத துணி போட்டுக்கொண்டு போக வேண்டும்" என்பது நோக்கம். அது ஒரு மாதத்தில் முடிகிற விஷயம் இல்லை. அடுத்த மாதத்து இலக்கை எப்படி வைப்பது என்பதையும் அதுதான் சொல்லித் தரும். இலக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதல் கங்காணியின் நோட்டு இரண்டாமவரிடமும் இருந்தது, அவரும் எடை போட்டார். அந்த எடைக்குப் பின்னால் இன்னொன்று இருப்பதை அவர் காட்டினார் என்பதுதான் வித்தியாசம்.

தலைமை என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தலைவர் என்றதும் நமக்கு மேடையும் மாலையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. இந்தக் கட்டுரையில் தலைவர் என்றால், பத்துப் பேரை ஒரு வேலையில் கூட்டிச் செல்கிற யாரும்தான். கங்காணி, தலைமையாசிரியர், பந்தல் வேலை மேஸ்திரி, ஹோட்டல் சமையல் மாஸ்டர், எல்லோரும். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியபோது குழுவை நடத்துகிறவருக்குத் தலைவி என்று பெயர் வைக்காமல் 'ஊக்குநர்' என்று வைத்தார்கள். அரசுக் கோப்புகளில் பிறந்த சொற்களில் எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. மற்றவர்களிடம் ஏற்கெனவே இருக்கிற ஊக்கத்தைத் தட்டி எழுப்புகிறவர் என்று அதற்குள்ளேயே விளக்கம் இருக்கிறது.

அமெரிக்க அரசியல் அறிஞர் ஜேம்ஸ் மெக்ரெகர் பர்ன்ஸ் 1978-ல் தலைமையை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, கொடுக்கல் வாங்கல்: நீ இதைச் செய், நான் இதைத் தருகிறேன். இன்னொன்று, நடத்துகிறவரையும் நடக்கிறவரையும் சேர்த்தே மாற்றி உயர்த்துகிற தலைமை. பெரும்பாலான இடங்களில் முதலாவதுதான் நடக்கிறது. உலகம் அப்படித்தான் ஓடுகிறது, அதில் தப்பும் இல்லை. ஆனால் கூலிக்கும் நோட்டுக்கும் எட்டாத ஒரு பகுதி எந்த வேலையிலும் உண்டு. யாரும் பார்க்காத இடத்தில் கை எப்படி நடந்துகொள்கிறது என்பது அந்தப் பகுதி. செடிக்கு அடியில் குனிந்து உட்கார்ந்திருப்பவர் பறிக்கும் ஒவ்வொரு காயையும் எந்தக் கங்காணியாலும் எட்டிப் பார்க்க முடியாது.

ஐந்து நிமிடச் சந்திப்பு

இது வெறும் உணர்ச்சிப் பேச்சு என்று நினைப்பவர்களுக்காக ஒரு ஆய்வு. ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2007-ல் வெளியிட்டது. ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்காக, பழைய மாணவர்களுக்கு போன் போட்டு நன்கொடை கேட்கும் கால் சென்டர். நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் பணம் கேட்டு, "வேண்டாம்" என்ற பதிலையே கேட்டுக்கொண்டிருக்கும் வேலை. அங்கே இருந்தவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். அவர்கள் திரட்டிய பணத்திலிருந்து உதவித்தொகை பெற்ற ஒரு மாணவரை முதல் குழு நேரில் சந்தித்து ஐந்து நிமிடம் பேசியது. அப்படிப்பட்ட மாணவர் எழுதிய கடிதத்தை இரண்டாவது குழு வாசித்தது. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை.

ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது, நேரில் சந்தித்தவர்கள் போனில் செலவிட்ட நேரம் 142 விழுக்காடு கூடியிருந்தது. அவர்கள் திரட்டிய பணம் 171 விழுக்காடு கூடியிருந்தது. கூலி கூடவில்லை, மேலதிகாரி மாறவில்லை, போனில் பேசவேண்டிய வசனமும் பழையதுதான். நடுவே நடந்தது ஐந்து நிமிடப் பேச்சு மட்டும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது கடிதம் வாசித்த குழுவின் கதை. அவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் எதுவும் இல்லை. அதே மாதிரி மாணவர், அதே நன்றிதான். ஆனால் காகிதத்தில் வந்தபோது அது வேலை செய்யவில்லை. சுவரில் வாசகம் எழுதி மாட்டினால் போதும் என்று நினைக்கிற எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நானும் நின்று யோசித்தேன், ஏனென்றால் நானே அப்படி மாட்டியவள்.

கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூரில் பதினான்கு பெண்கள் சேர்ந்து தைக்கும் ஒரு சிறு கூடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். பள்ளிச் சீருடைதான் எங்களுக்கு முக்கியமான வேலை. பீஸ் கணக்கில் கூலி என்பதால் வேகம்தான் பணம். ஆரம்பித்த முதல் வருடம் "குழந்தைகளின் எதிர்காலத்தைத் தைக்கிறோம்" என்று ஒரு பேனர் அடித்து மாட்டினேன். தினமும் காலையில் அதைப் பற்றி இரண்டு நிமிடம் பேசவும் செய்தேன். எல்லோரும் கேட்டார்கள், கேட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்து பழையபடி ஓட்டினார்கள். தைத்துப் போன கால்சட்டைகளில் பாக்கெட் பிரிந்துபோகிறது என்று பள்ளியிலிருந்து திரும்பத் திரும்பச் சொல் வந்தது. நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன், பேனரையும் காட்டினேன், ஒன்றும் மாறவில்லை.

அடுத்த வருடம் சீருடை கொடுக்கும் அன்று கூடத்தைப் பூட்டிவிட்டு எல்லோரையும் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். ஒரு நாள் கூலியைக் குழுப் பணத்திலிருந்து கொடுத்துவிட்டுத்தான் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் புதுக் கால்சட்டையைப் போட்டதும் முதல் வேலையாக இரண்டு பாக்கெட்டிலும் கையை விட்டு ஆழம் பார்த்தான். அப்புறம் பழைய கால்சட்டையிலிருந்து புளியங்கொட்டைகளையும் ஒரு உடைந்த பம்பரத்தையும் எடுத்துப் புதிதில் திணித்தான். எங்கள் கூடத்திலேயே வேகமாகத் தைக்கும் அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வரும் வழியில், "பாக்கெட்டுலதான்டி அதுகளோட சொத்தே இருக்கு" என்றார். மறுநாள் காலையில் பாக்கெட் மூலையில் முன்னும் பின்னுமாக இரண்டு தடவை ஓட்டிக் கெட்டியாக அடித்தார். மற்றவர்களும் அவரைப் பார்த்து அடித்தார்கள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேனரை அந்த வாரமே கழற்றிவிட்டேன்.

அந்த ஒரு நாளில் நான் கற்றுக்கொண்டதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது. நோக்கத்தை வாக்கியமாகச் சொன்னால் காது கேட்டுக்கொள்ளும், கைக்குப் போய்ச் சேராது. ஒரு முகமாகக் காட்டினால் கைக்குப் போய்ச் சேரும். தலைவரின் வேலை அந்த முகத்துக்கும் வேலை செய்கிறவருக்கும் நடுவில் நிற்கிற சுவரை எடுப்பது.

கண்ணாஸ்பத்திரி சொல்லித் தரும் பாடம்

முகம் காட்டினால் மட்டும் போதுமா? போதாது. நோக்கத்தை நடைமுறையாக மாற்றத் தெரிய வேண்டும். அதற்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று இருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி தென்மாவட்டத்தின் வடமலாபுரம் என்ற கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போயின. பிரசவ மருத்துவராக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிட்டு, அந்த விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கிக் கண் மருத்துவரானார். தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தேவையில்லாமல் யாரும் பார்வை இழக்கக் கூடாது என்பதுதான் நோக்கம்.

இதில் 'தேவையில்லாமல்' என்ற சொல்லைக் கவனியுங்கள். கண்புரையால் பார்வை போவது சின்ன அறுவைச் சிகிச்சையில் தீரக்கூடியது. ஆகவே அப்படி ஒருவர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், காரணம் நோய் இல்லை. பணம் இல்லாததும், தூரமும், கூட்டிப்போக ஆள் இல்லாததும்தான் காரணம். நோக்கத்தை இப்படித் துல்லியமாகச் சொல்லிவிட்டால் அதுவே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிடும். பணம் இல்லாதவருக்கு இலவசம். பணம் கட்டுகிறவருக்குச் செய்கிற அதே மருத்துவர்கள்தான் இலவச நோயாளிக்கும் செய்ய வேண்டும். வர முடியாதவருக்காக ஊருக்கே போய் முகாம் போட வேண்டும். என் அப்பத்தாவும் முகாமிலிருந்து பஸ்ஸில் கூட்டிப் போய்க் கண் திறந்து வந்தவர்தான். எங்கள் பக்கத்துத் தேனியில் 1985-லேயே கிளை வந்துவிட்டது.

அப்படியே அடுத்தடுத்த கேள்விகள். இத்தனை பேருக்குச் செய்ய டாக்டர்கள் போதுவார்களா? அறுவை அரங்கில் இரண்டு மேசை போட்டார்கள். ஒன்றில் முடித்துத் திரும்பினால் அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் எடுத்து இரண்டு வருடம் பயிற்சி கொடுத்தார்கள். டாக்டர்தான் செய்ய வேண்டியது தவிர மற்ற அத்தனையையும் அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து ஏழைக்கு எட்டாத விலையில் விற்றது. 1992-ல் ஆரோலேப் என்று தொடங்கி மதுரையிலேயே லென்ஸ் செய்தார்கள். ஒரு ஆஸ்பத்திரி எதற்காக லென்ஸ் தொழிற்சாலை நடத்த வேண்டும்? லாபத்தை வைத்து யோசித்தால் பதில் கிடைக்காது. அந்த ஒரு வரி நோக்கத்தை வைத்து யோசித்தால் வேறு வழியே இல்லை என்று தெரியும்.

ஆரம்பிப்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சோதனை இருக்கிறது. நீங்கள் சொல்லும் நோக்கம் உங்களை எதையாவது செய்ய வைக்கிறதா, எதையாவது செய்ய விடாமல் தடுக்கிறதா? இரண்டும் இல்லை என்றால் அது இன்னும் நோக்கமாகவில்லை. என் பேனர் வாசகம் என்னை எதுவும் செய்ய வைக்கவில்லை. பாக்கெட் மூலையில் இரட்டைத் தையல் போட ஆரம்பித்த பிறகு, அதற்கு ஆகிற கூடுதல் நேரத்துக்காக பீஸ் கூலியை உயர்த்த வேண்டியிருந்தது. உயர்த்தினேன், அந்த வருடம் குழுவில் மிச்சம் குறைந்தது. நோக்கம் என்றால் அதற்கு ஒரு விலை உண்டு, அதை முதலில் கொடுக்க வேண்டியவர் தலைவர்.

இரண்டாவது கங்காணிக்கும் அது தெரிந்திருந்தது. ஸ்டோரில் நின்ற அந்த மழை மதியத்துக்கும் சேர்த்து முழு நாள் கூலி போடச் சொல்லி முதலாளியிடம் வாதாடி வாங்கிக் கொடுத்திருக்கிறார். காயின் கதையைச் சொல்லிவிட்டு அரை நாள் கூலியை வெட்டியிருந்தால், அவர் சொன்ன அரபு நாட்டுக் காப்பி அன்றைக்கே கசந்து போயிருக்கும்.

கூலிக்குப் பதிலாக நோக்கம் இல்லை

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நாமெல்லாம் ஒரே குடும்பம்", "இது உங்கள் கம்பெனி" என்று சொல்லி, சம்பளப் பேச்சு வரும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிற வழக்கம் எல்லாத் தொழிலிலும் இருக்கிறது. நோக்கம் என்ற நல்ல சொல்லுக்கு அதைவிடப் பெரிய கெடுதல் வேறில்லை.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்தது இதற்குச் சாட்சி. அங்கே தேயிலை பறிக்கும் பெண்களில் பெரும்பாலோர் தமிழ் பேசுகிறவர்கள், நான்கைந்து தலைமுறையாக லயங்கள் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்கிறவர்கள். தொழிலாளர்களே பங்குதாரர்கள் என்று பெயர் வாங்கிய நிறுவனம் அது. அந்த வருட போனஸை 10 விழுக்காடாகக் குறைத்தபோது, 20 விழுக்காடு வேண்டும் என்று பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். நாள் கூலி அப்போது 232 ரூபாய், 500 ஆக்கச் சொன்னார்கள். தங்களை நடத்தி வந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் கட்சிக்காரர்களையும் பக்கத்தில் வர விடவில்லை. 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்பது நாளில் கேட்ட 20 விழுக்காடு கிடைத்தது, சில வாரத்தில் கூலியும் 301 ரூபாய் ஆனது.

அந்தப் பெண்களுக்கு யாரும் தலைமைப் பண்பு வகுப்பு எடுக்கவில்லை. பட்டம், பதவி, ஒலிபெருக்கி எதுவும் அவர்களிடம் இல்லை. ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டு அடுப்பும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், அட்டை கடித்த காலும் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்தவளுக்கும் அதேதான் என்றும் தெரியும். நோக்கம் அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் தலைவர் ஒருவர் வந்து அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. கூலிப் போராட்டத்தில் என்ன உயர்ந்த நோக்கம் என்று சிலர் அப்போது கேட்டார்கள். பிள்ளையைத் தேயிலைக் கூடைக்கு அனுப்பாமல் பள்ளிக்கு அனுப்ப வேண்டும் என்பதை விட உயர்ந்த நோக்கம் ஒன்றை எனக்கு யாராவது காட்டட்டும்.

ஆனால் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். அடுத்து எதற்காக என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொதுவான பதில் அமையவில்லை. முன்னணியில் நின்றவர்களுக்குள்ளேயே பிளவு வந்தது, இயக்கம் பலம் குன்றியது. ஒரு இலக்கை வென்ற மறுநாள்தான் எந்தக் குழுவுக்கும் கடினமான நாள்.

அதற்கு ஏற்பாடு எப்படி இருக்கலாம் என்பதைக் கேரளத்தின் குடும்பஸ்ரீ காட்டுகிறது. 1998-ல் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டம் அது. பத்து முதல் இருபது பெண்கள் சேர்ந்த அயல்கூட்டம், வார்டு அளவில் ஒரு அமைப்பு, பஞ்சாயத்து அளவில் ஒன்று என மூன்று அடுக்கு. அயல்கூட்டம் வாரா வாரம் கூடும். ஒவ்வொரு வாரமும் ஒரு உறுப்பினரின் வீட்டில் கூடுவது வழக்கம். அந்தச் சின்ன ஏற்பாட்டைத்தான் நான் வியந்து பார்க்கிறேன். ஒழுகுகிற கூரையின் கீழ் உட்கார்ந்து கூட்டம் நடத்தும்போது, எதற்காகக் கூடுகிறோம் என்று யாரும் தீர்மானம் வாசிக்க வேண்டியதில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம்

நோக்கத்தால் நடத்தும் தலைமைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. எல்லையில் வாழ்கிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

எங்கள் பள்ளத்தாக்கில் ஜான் பென்னிகுயிக் படம் இல்லாத கடைகள் குறைவு. 1887-ல் தொடங்கி, காட்டாற்று வெள்ளம் கட்டியதை அடித்துக்கொண்டு போகப் போக, மலேரியாவில் ஆட்கள் விழ விழ, 1895-ல் முல்லைப் பெரியாறு அணையை முடித்த பொறியாளர். மேற்கே ஓடிய தண்ணீர் சுரங்கம் வழியாகக் கிழக்கே திரும்பியது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இரண்டு போகம் நெல் விளைகிறது. அவர் பிறந்த ஜனவரி 15-ம் தேதியில் லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறோம். ஒரு வெள்ளைக்காரப் பொறியாளருக்கு மூன்று நான்கு தலைமுறை கழித்தும் மக்கள் பொங்கல் வைக்கிறார்கள் என்றால், அவர் கட்டியது தினமும் அவர்கள் வயலில் வந்து விழுகிறது என்பதுதான் காரணம்.

அதே அணைக்குக் கீழே, மேற்கே, வண்டிப்பெரியாறு இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு அணை என்றால் மழைக்காலத்து ராத்திரியில் வருகிற பயம். 2011 டிசம்பரில் அந்த அணையை வைத்துத் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இருந்த பிரச்சினை முற்றி, குமுளி வழி அடைத்து, இரண்டு பக்கமும் கூட்டம் திரண்டது. எங்கள் தெரு ஜீப்புகள் ஓடவில்லை. அம்மா வீட்டில் உட்கார்ந்திருந்தார். தண்ணீர் எங்கள் உயிர், அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அம்மா அப்போது கவலைப்பட்டது வண்டிப்பெரியாற்றில் தோட்ட லயத்தில் இருந்த தன் சித்தி மகளைப் பற்றி. அவர் பேசுவதும் தமிழ்தான், குடியிருப்பது அணைக்குக் கீழே. "அவ பயத்துக்கும் ஒரு பதில் சொல்லணும்ல" என்றார். அப்போது மேடைகளில் பேசிய ஒருவர்கூட இதைச் சொல்லிக் கேட்கவில்லை.

நோக்கம் எவ்வளவு நியாயமாக இருக்கிறதோ, அவ்வளவு சுலபமாக எதிர்ப்பக்கத்து முகத்தை மறைத்துவிடும். "எங்கள் நோக்கம் பெரிது" என்ற நம்பிக்கையே கண்ணைக் கட்டும். ஆகவே பத்துப் பேரை நடத்துகிறவர் யாருக்காக என்று கேட்கும்போதே, இதனால் யாருக்குச் சங்கடம் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் தையல் கூடத்தில் அந்தக் கேள்வி கேட்டபோதுதான், அவசர ஆர்டர் என்று ராத்திரி ஒன்பது வரை உட்கார வைத்த நாட்களில் ஒரு பெண்ணின் கைக்குழந்தை பாட்டியிடம் அழுதுகொண்டே இருந்தது தெரிய வந்தது. ஊரார் பிள்ளைக்குச் சீருடை தைக்கிறோம் என்று பேசிக்கொண்டு அதைச் செய்திருக்கிறோம்.

சரி, புதிதாக ஒரு குழுவுக்குப் பொறுப்பேற்கிறீர்கள், எங்கே ஆரம்பிப்பது? வாக்கியம் எழுதுவதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். இந்த வேலை நாளைக்கே நின்றுபோனால் முதலில் யாருக்கு வலிக்கும் என்று கேளுங்கள். அப்படி ஒருவரைக் கண்டுபிடித்து, உங்கள் ஆட்களை அவரிடம் கூட்டிப் போங்கள், இல்லையென்றால் அவரை இங்கே அழைத்து வாருங்கள். கூட்டிப்போன இடத்தில் நீங்கள் அதிகம் பேச வேண்டாம். பள்ளியில் நான் எதிர்பார்த்தது, பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பார்த்து எங்கள் பெண்கள் நெகிழ்வார்கள் என்று. அந்த அக்கா பார்த்தது புளியங்கொட்டையை. அவர் பார்த்ததுதான் வேலையை மாற்றியது, நான் எதிர்பார்த்தது இல்லை. ஆளுக்கு ஆள் காரணம் வேறாக இருக்கும், இருக்கட்டும். ஒருத்திக்குத் தன் பிள்ளை, இன்னொருத்திக்குத் தான் படிக்க முடியாமல் போன பள்ளி. எல்லோரும் ஒரே காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் எல்லோரும் ஒரே பொய்யைச் சொல்ல ஆரம்பிப்பார்கள். ஒரு தடவை கூட்டிப் போய்விட்டு விட்டுவிடவும் கூடாது. புது ஆட்கள் வருவார்கள், பழையவர்களுக்கும் மறந்துபோகும். நாங்கள் இப்போது வருடா வருடம் போகிறோம்.

அம்மாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது, ஜீப்பில் ஏறுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. கடையிலிருந்து ஏலக்காய்ப் பொட்டலம் வாங்கி வந்தால் மட்டும் முதலில் அதைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டிப் பார்ப்பார். போன பொங்கலுக்கு வாங்கியதில் பாதி பிஞ்சு, சுருங்கிக் கிடந்தது. "எவ எடுத்தாளோ" என்று நான் சொல்லிவிட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எடுத்தவளை ஏன்டி சொல்ற? அவளை ஒருத்தரும் ஸ்டோருக்குக் கூட்டிட்டுப் போயிருக்க மாட்டாங்க" என்றார்.